பஞ்சுவின் மேல் யாரோ ஏறுகிறார்கள்

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. குதிரை ஓட்டுகிற ஆள். இதில் நானாகச் சேர்த்தது ஒரு வரி கூடக் கிடையாது. சில இடங்களை எழுதக் கை வராமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான். நேரங்கள் எல்லாம் அப்போதைக்கப்போது செல்போனில் குறித்து வைத்தவை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கும் நம்பாமல் இருக்கத்தான் ஆசை.

தடை தாண்டும் போட்டிகளில் பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன். எனக்குச் சேணத்தில் உட்காரக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். அப்பா இறந்த பிறகு, என் கல்யாணத்தில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நின்றவரும் அவர்தான். போன வருஷம் அவர் தொழிலை விட்டு ஒதுங்கி, மனைவியின் ஊருக்கே குடிபோனார். போகும்போது தன் கடைசிக் குதிரையை என் கையில் கொடுத்தார். வெள்ளைக் குதிரை, ஒன்பது வயது. பெயர் பஞ்சு.

"இவன் மேல குதிமுள் பட்டதே இல்ல, குட்டி. பூ மாதிரி வளத்திருக்கேன். நீயும் அப்படியே பாத்துக்கோ," என்றார்.

குதிமுள் என்பது பூட்ஸின் குதிகாலில் மாட்டுகிற சின்ன இரும்பு முள். விலாவில் குத்தினால் குதிரை பாயும். எனக்கு அது பிடிக்காது. மாஸ்டர் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது.

போய் இரண்டு மூன்று வாரத்தில் அவர் என் போனை எடுப்பதே நின்றுபோனது. ஒரு மாதம் விடாமல் அடித்துப் பார்த்தேன். குதிரையைக் கொடுத்ததும் ஆளையும் மறந்துவிட்டார் என்று மனசுக்குள் ஒரு முள் தைத்தது. விட்டுவிட்டேன்.

கணவருக்கு வெளியூரில் வேலை. அதனால் குதிரை கிளப்பின் மாடி அறையில்தான் நான் தங்கியிருந்தேன். கீழே லாயம். அதைத் தாண்டினால் கூரை போட்ட பயிற்சிக் கூடம். லாயத்துக் கோடியில் ஓர் அறையில் தாடி அண்ணன் இருந்தார். பதினான்கு குதிரைகளுக்கும் தீனி, தண்ணீர், குளியல் எல்லாம் அவர் பொறுப்பு. தாடியை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது. பெயரை மட்டும் யாரும் மழிக்கவில்லை.

பஞ்சு வந்த புதிதில் சுவரைப் பார்த்தபடியே நின்றான். கூப்பிட்டால் காது மட்டும் பின்னால் திரும்பும். மேலே உட்கார்ந்து குதிகாலை லேசாக அசைத்தால் போதும், உடம்பு முழுக்கக் கல்லாகிவிடும். தடையைத் தாண்டும்போது தேவைக்கு மேல் இரண்டடி எம்புவான். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

கால்நடை டாக்டர் மட்டும் கைதட்டவில்லை. அவன் முன்னங்கால் எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இவனைக் கம்பத்தால அடிச்சுப் பழக்கியிருக்காங்களா?"

குதிரை தாண்டுகிற நொடியில் கம்பத்தைச் சட்டென்று உயர்த்திக் காலில் மோதவிடுவது ஒரு பழைய கொடுமை. வலிக்குப் பயந்து அடுத்த முறை உயரமாகத் தாண்டும். இப்போது எல்லா நாட்டிலும் அதைச் செய்யக் கூடாது என்று சட்டம்.

"சான்சே இல்ல டாக்டர். மாஸ்டர் குதிரை இது," என்றேன்.

"அப்படியா," என்று பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அஞ்சு மாதம் நான் பஞ்சுவை எதற்கும் வற்புறுத்தவில்லை. கொட்டடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர் மேல் இருக்கிற கோபமெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். ஒரு நாள் சாயங்காலம், ஆறு மணி இருக்கும், சுவரை விட்டுத் திரும்பினான். மெதுவாக வந்தான். நெற்றியை என் நெஞ்சில் வைத்து, முழுப் பாரத்தையும் இறக்கினான்.

"கவுந்துட்டான்மா உங்ககிட்ட," என்று சிரித்தார் தாடி அண்ணன். "இனிமே நெருப்புல குதின்னாலும் குதிப்பான்."

அன்றிலிருந்து என் காலடிச் சத்தம் கேட்டாலே தொண்டைக்குள் ஒரு சின்னக் கனைப்புக் கனைப்பான். எனக்கு மட்டும்.

அதற்கு அடுத்த வாரம்தான் அது தொடங்கியது.

முதலில் வியர்வை. காலை ஐந்தரைக்கு நான் போனபோது பஞ்சுவின் முதுகு நனைந்திருந்தது. சேணம் வைக்கிற இடத்தில் மட்டும், சேணத்தின் அளவுக்கு. காய்ச்சலோ என்று பார்த்தேன். இல்லை.

மூன்றாம் நாள், பயிற்சிக் கூடத்து மணலில் குளம்புத் தடங்கள். முந்தின நாள் மாலை நானே வாரிச் சமன் செய்த மணல் அது.

அடுத்த நாள் காலை 4:40க்கு விழிப்பு வந்தது. கீழே சத்தம்.

தடதட்தட்... தடதட்தட்... தடதட்தட்...

குதிரை மூன்று தட்டில் ஓடுகிற ஓட்டம். பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. தாண்டுகிறது. பிறகு...

டொக்.

கட்டை எலும்பில் படுகிற சத்தம்.

ஓடி இறங்கினேன். கூடத்தில் யாரும் இல்லை. விளக்கும் எரியவில்லை. பஞ்சு தன் கொட்டடியில் நின்றிருந்தான், வெளித்தாழ்ப்பாள் போட்டபடி. மூச்சு வாங்கியது. இரண்டு விலாவிலும் பட்டாணி அளவுக்கு இரத்தம்.

குதிமுள்.

அன்று காலையே கிளப் செயலாளரிடம் போனேன். வாசல் கேமராவைப் பார்த்தோம். நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை யாரும் உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை. அப்படியென்றால் உள்ளே இருந்த ஆள்தான். நானும் தாடி அண்ணனும் மட்டுமே உள்ளே தூங்குகிறவர்கள்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் செயலாளரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீங்களுமா அப்படி நினைக்கிறீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. அது போதுமானதாக இருந்தது. மத்தியானத்துக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். போவதற்கு முன் பஞ்சுவின் விலாவுக்கு மருந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே தூங்கினேன்.

காலை 4:40.

தடதட்தட்... தடதட்தட்...

டொக்.

படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டேன். 5:05க்கு நின்றது. கீழே போய்ப் பார்த்தால் அதே வியர்வை, அதே இரத்தம். பஞ்சு மட்டும் என்னைப் பார்த்ததும் கனைத்தான். நெற்றியை நெஞ்சில் வைத்தான். நடுங்கிக்கொண்டே வைத்தான்.

"நாளைக்கு நான் இருக்கேன்டா. உன்னை யாரும் தொட முடியாது. சத்தியம்," என்றேன்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை. 4:20க்கே கீழே இறங்கி, பயிற்சிக் கூடத்தின் ஓரத்தில், மார்பளவுக்கு நிற்கும் பலகைத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கையில் டார்ச். பக்கத்திலேயே வெளியே போகிற கூடத்துக் கதவு. தாழ்ப்பாள் என் கைக்கெட்டும் தூரம்.

4:31. லாயத்தில் மற்ற குதிரைகள் தீனி மெல்லுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

4:38. அந்தச் சத்தம் நின்றது. பதின்மூன்று குதிரைகளும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தின.

4:40. கொட்டடித் தாழ்ப்பாள் விலகியது. க்ரீச்...

எதிர்ப்பக்க வழியாகப் பஞ்சு வந்தான். வெளிச்சம் இன்னும் வரவில்லை, ஆனால் வெள்ளை உடம்பு தெரிந்தது. தனியாகத்தான் வந்தான். சேணம் இல்லை. கடிவாளம் இல்லை. மேலே யாரும் இல்லை.

ஆனால் அவன் நடை... சுமந்துகொண்டு நடக்கிற நடை.

டார்ச்சை அடித்தேன்.

முதுகுத் தோல் பள்ளமாக அமுங்கியிருந்தது. இரண்டு விலாவிலும் தொடை இறுக்குகிற இடம் உள்வாங்கியிருந்தது. வாய் இழுபட்டு, பல் தெரியத் திறந்திருந்தது. எதுவுமே இல்லாமல் திறந்திருந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

நாக்கால் இரண்டு சொடுக்கு. பிறகு மூக்கால், "ம்ம்."

ட்டக்... ட்டக்... ம்ம்.

பதினோரு வருஷம் கேட்ட சத்தம். உலகத்தில் ஒரே ஒருவர்தான் குதிரையை அப்படிக் கிளப்புவார்.

மாஸ்டர்.

பஞ்சு ஓடினான். தடையை நெருங்கினான். எம்பினான். மேல்கம்பம் தானாக ஒரு சாண் உயர்ந்தது.

டொக்.

திரும்பி வந்தான். மறுபடியும்.

டொக்.

டாக்டர் தடவிப் பார்த்த எலும்பு ஞாபகம் வந்தது. கல்லாகிப் போகிற உடம்பு ஞாபகம் வந்தது. பூ மாதிரி வளத்திருக்கேன்... அப்பா இடத்தில் நின்ற மனுஷன்.

நாலாவது சுற்றில் பஞ்சு நின்றுவிட்டான். என் பக்கம் திரும்பினான்.

என்னைப் பார்த்தான்.

தொண்டைக்குள் கனைத்தான். எனக்கு மட்டும் கனைக்கிற அந்தச் சின்னக் கனைப்பு.

என் கை தாழ்ப்பாளில் இருந்தது.

ஒரு இழுப்பு இழுத்தால் அவன் வெளியே ஓடிவிடலாம். அவ்வளவுதான் வேலை.

இழுக்கவில்லை.

ஏன் என்று கேட்காதீர்கள். பயம். அவனுக்கு மேலே, காற்றில், இன்னொருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார் என்று தோன்றியது...

மறுபடியும் கனைத்தான்.

நான் டார்ச்சை அணைத்தேன்.

ட்டக். ட்டக்.

ம்ம்.

5:05க்கு எல்லாம் அடங்கியது. விடிந்த பிறகுதான் கால் அசைந்தது. கொட்டடிக்குப் போனேன். பஞ்சு சுவரைப் பார்த்து நின்றான். கூப்பிட்டேன். காது கூடத் திரும்பவில்லை. கழுத்தில் கை வைத்தேன். முழு உடம்பும் கல்லானது.

அன்று மத்தியானமே விசாரித்துத் தாடி அண்ணன் வேலை பார்க்கும் இடத்துக்குப் போனேன். குழந்தைகளுக்குச் சும்மா நடை பழக்குகிற ஒரு சின்னக் குதிரைப் பள்ளி. தாண்டுகிற தடை ஒன்று கூட அங்கே இல்லை. நடந்தது எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

"பேயோ பிசாசோ, அது இருக்கட்டும்மா. நான் அவனை அடிச்சிருப்பேன்னு நம்புனீங்க பாருங்க... அதைத்தான் என்னால முழுங்க முடியல."

"பஞ்சுவை நீங்க வெச்சுக்கிறீங்களா, அண்ணே?"

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "அவனுக்காக," என்றார்.

சாயங்காலமே வண்டி வந்தது. கயிறு கூட மாட்டவில்லை. அவர் முன்னால் நடந்தார், பஞ்சு பின்னாலேயே நடந்து வண்டியில் ஏறினான். என்னைக் கடந்துதான் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் பஞ்சுவோடு இறங்குவதாக இருந்த போட்டியிலிருந்து என் பெயரை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் 4:40க்குச் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தாடி அண்ணனுக்குப் போன் போட்டேன். "நல்லாத் தூங்குறான். முதுகு காஞ்சு கிடக்கு," என்றார்.

எனக்குள் ஒரு கணக்கு முடிந்திருந்தது. மாஸ்டர் எங்கேயோ செத்துப்போயிருக்கிறார். செத்தும் விடவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10:15க்கு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. மாஸ்டரின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"உன் நம்பரைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, குட்டி. நல்லா இருக்கியா?"

"அக்கா... மாஸ்டர்?"

"இருக்காரு. படுத்த படுக்கையா இருக்காரு. இங்க வந்த மூணாவது வாரமே மூளையில ரத்தக் குழாய் அடைச்சு, கை கால் விழுந்துடுச்சு. ஏழு மாசமாச்சு. விரலைக் கூட அசைக்க முடியாது, பேச்சும் இல்ல. இந்தக் கோலத்துல யாரும் பாக்க வேணாம்னுதான் ஒருத்தருக்கும் சொல்லல. அவர் போனையும் அணைச்சு வெச்சுட்டேன், அதைத் திறக்குற பூட்டு எண்ணும் எனக்குத் தெரியாது."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கணும். சிரிக்காத. கொஞ்ச நாளா விடிகாலைல அவருக்கு மேல்மூச்சு வாங்குது. கண்ணு மூடித்தான் இருக்கும், ஆனா முகம் மட்டும் சிரிக்கும். செவ்வாய்க்கிழமை உடம்பு துடைக்கும்போது பாக்குறேன், ரெண்டு குதிகால்லயும் வெள்ளை முடி ஒட்டியிருக்கு. எங்க வீட்டுல நாய் பூனை கூடக் கிடையாது..."

"அக்கா..."

"அதை விடு. அன்னைக்குத்தான் ஏழு மாசத்துல முதல் தடவையா வாயைத் திறந்து பேசுனாரு. உன்னைப் பத்திதான் பேசுனாரு. அர்த்தம் உனக்குத் தெரியுமோன்னுதான் கூப்பிட்டேன்."

"என்ன... சொன்னாரு?"

"'குட்டி பலகைக்குப் பின்னாலதான் நின்னா. தாழ்ப்பாள்ல கைய வெச்சிருந்தா. திறக்கல'ன்னாரு. அப்புறம், 'நான் வளத்த புள்ளையாச்சே'ன்னு சொல்லிச் சிரிச்சாரு."