தும்மலில் வந்த பெயர்

என் மகனுக்குப் பெயர் வைத்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவனைப் பெற்றது கூட அவ்வளவு கஷ்டமில்லை.

என் கணவர் கென்யாக்காரர். கிப்சிகிஸ் என்ற இனம். தேயிலையும் மாடுகளும் உள்ள மலைநாடு அவர்களுடையது. நான் யாழ்ப்பாணம். இரண்டு பேரும் லண்டனில் லூயிஷாம் பக்கம் ஒரு மாலைநேர வகுப்பில் கணக்கியல் படிக்கப் போய், கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். அவர் பஸ் ஓட்டினார். நான் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகான ஒரு டிசம்பரில் பிள்ளை பிறந்தான்.

கிப்சிகிஸ் பிள்ளைக்கு இரண்டு பெயர். ஒன்று பிறந்த வேளையைச் சொல்லும் பெயர். விடியலில் வந்தவன், மாடுகள் வீடு திரும்பும்போது வந்தவன், மழையோடு வந்தவன் என்று பொருள் வரும். ஊரில் எல்லாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்றது ஆவிப் பெயர். வீட்டுப் பெண்கள் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து, குடும்பத்தில் செத்துப்போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். எந்தப் பெயருக்குப் பிள்ளை தும்முகிறதோ அந்த ஆள் வந்துவிட்டார், இனிப் பிள்ளைக்குக் காவல் அவர்தான் என்று அர்த்தம். அந்தப் பெயர் வீட்டுக்குள் மட்டும் புழங்கும், தெருவுக்குப் போகாது. அதனால்தான் நானும் இங்கே ஒரு பெயரையும் எழுதவில்லை.

முதல் பெயரிலேயே சண்டை தொடங்கிவிட்டது. பிள்ளை பிறந்தது பின்னேரம் நாலு மணிக்கு. லண்டனில் டிசம்பர் நாலு மணி எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெருவிளக்கு எல்லாம் எரிந்துவிட்டது. நாலு மணி என்றால் பகல்தான் என்றார் கணவர். டெலிபோன் கார்டு போட்டு ஊரிலிருந்த அவருடைய அத்தையைக் கேட்டால், வெளியே இருட்டா வெளிச்சமா என்று கேட்டார். இருட்டு. அப்படியென்றால் இரவில் வந்தவன் என்றார் அத்தை. பின்னால் ஒரு சித்தப்பா, மாடுகள் எங்கே நின்றன என்று கேட்டார். நாங்கள் இருப்பது கவுன்சில் ப்ளாட்டின் மூன்றாம் மாடி. மழை பெய்ததா என்று இன்னொருவர் கேட்டார். மழைக்குப் பெயர் வைப்பதென்றால் லண்டனில் பிறக்கிற அத்தனை பிள்ளைக்கும் ஒரே பெயர்தான் வைக்க வேண்டும் என்றேன் நான். ஆளாளுக்கு நாட்டாமை. கடைசியில் அத்தை சொன்னபடி இரவில் வந்தவன் என்றே முடிவாயிற்று.

அதோடு போயிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். ஆவிப் பெயர்தான் என்னைப் படாத பாடு படுத்தியது.

வயிற்றில் பிள்ளை இருந்தபோதே கணவர் இந்த வழக்கத்தை எனக்கு விளக்கியிருந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊரில் தும்மலுக்கு என்ன மரியாதை? வெளிக்கிடும்போது ஒருவன் தும்மினால் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவோம். பிள்ளைக்கு இரண்டு வீடு உண்டு, உன் பக்கத்துப் பெயர்களையும் கொடுக்கலாம், அத்தை சம்மதித்துவிட்டார் என்றார் கணவர். செத்துப்போன என் அப்பாவின் பெயரைக் கூப்பிடலாம் என்றேன். அண்ணாவின் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது என்றும் அப்போதே கண்டிப்பாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அண்ணா செத்துப்போனவர் இல்லை. காணாமல் போனவர். சண்டைக் காலத்தில் ஒரு காலை சைக்கிளில் வேலைக்குப் போனார், வீட்டுக்கு வரவில்லை. உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. பத்து வருடத்துக்கு மேலாகியும் நான் அவரைப் பற்றிப் பேசும்போது இருக்கிறவரைப் போலத்தான் பேசினேன். அண்ணாவுக்கு நண்டுக் கறி பிடிக்கும் என்பேன். யாராவது "நல்ல பிள்ளை, பாவம்" என்று தொடங்கினால் அந்த இடத்திலேயே வாயை அடைப்பேன். திவசம் கொடுக்கலாமே என்று கேட்ட பெரியப்பாவோடு இன்றுவரை பேச்சு இல்லை.

அண்ணாவின் மனைவியை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். அவருடைய தம்பி கூப்பிட்டு லண்டனுக்கு வந்து, வால்தம்ஸ்டோவில் தம்பி வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். சாண்ட்விச் பாக்டரியில் ஷிப்ட் வேலை. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. அவர் வாய் திறந்து அண்ணாவைப் பற்றிப் பேசியது குறைவு. பேச வேண்டியதை எல்லாம் அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். பிள்ளை பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் ரயில் மாறி மாறி வந்து, எனக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து வைத்துவிட்டுப் போவார்.

முதல் தடவை தும்மலுக்குக் காத்திருந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அத்தை தன் வீட்டில் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு போனில் இருந்தார். ஸ்பீக்கரைப் போட்டுப் போனைத் தொட்டிலில் வைத்தோம். இது பெண்களின் காரியம், ஆண் அங்கே என்ன செய்கிறான் என்று அத்தை அதட்டினார். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு என் பாஷை தெரியாது, மொழிபெயர்க்க ஆள் வேண்டாமா? கடைசியில் கணவர் அறை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம் என்று அனுமதி கிடைத்தது. பஸ் ஓட்டுகிற அவ்வளவு பெரிய மனிதர், வகுப்பிலிருந்து வெளியே நிறுத்திய பையனைப் போல நின்றார்.

அத்தை பெயர் பெயராகக் கூப்பிட்டார். பிள்ளை கொட்டாவி விட்டான். விக்கினான். என் மேல் கக்கினான். தும்மவில்லை. மூக்குப்பொடி ஒரு துளி காட்டினால் போதும், அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வோம் என்றார் அத்தை. பச்சைப் பிள்ளைக்கு மூக்குப்பொடியா என்று நான் குதித்தேன். என்ன சொல்லுகினம் என்று மச்சாள் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு, "தும்மாட்டி என்ன செய்யிறவையாம்?" என்று கேட்டார்.

"தும்முமட்டும் கூப்பிடுறவையாம். எனக்கு ஏலாது மச்சாள், விசர் பிடிக்குது" என்றேன்.

அதற்குள் பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் வந்தது. பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழிக்க ரெய்னர்ஸ் லேனிலிருந்து சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க வேண்டும். மச்சாள் பிள்ளையின் மாமி, முறைப்படி அவர்தான் முன்னால் நிற்க வேண்டும். தட்டை எடுக்கக் கையை நீட்டியவரிடம் ஒரு சித்தி மெல்லமாக, "நீர் இரும் பிள்ளை. வேற ஆரும் எடுக்கட்டும்" என்றார். மச்சாள் பின்னால் போனார். எப்போதும் இப்படித்தான். சுமங்கலி என்று கூப்பிடவும் மாட்டார்கள், கைம்பெண் என்று சொல்லவும் மாட்டார்கள்.

"ஏன்? அவவின்ர மனுசன் செத்துப்போனதை நீங்கள் கண்டனீங்களோ?" என்று நான் கேட்டேன். மச்சாளின் கையில் தட்டைத் திணித்து அவரைக் கொண்டே எடுப்பித்தேன். தட்டு சாய்ந்து மஞ்சள் தண்ணீர் என் சேலையில் சிந்தியது.

எல்லாரும் போன பிறகு குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு மச்சாள் சொன்னார். "எனக்காக நீர் சண்டை பிடிக்க வேண்டாம்."

"உங்களுக்காகப் பிடிக்கேல்லை. அண்ணாவுக்காகத்தான் பிடிக்கிறன்."

அவர் அடுத்த பாத்திரத்தை எடுத்துக் கழுவத் தொடங்கினார். கணவர் பின்னேர ஷிப்ட் முடிந்து வந்தபோது, மச்சாள் தன்னுடைய உடைந்த இங்கிலீஷில் அவரோடு ஏதோ நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். வேலைக்கு வழி கேட்கிறார் என்று நினைத்தேன். பிள்ளை ஒருபக்கம் கத்திக்கொண்டிருந்தான், காது கொடுக்க எனக்கு நேரமில்லை.

அடுத்த ஞாயிறு அத்தை மறுபடி போனில் வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். கணவர் வாசலில் முதுகைக் காட்டி நின்றார். குசினியில் மச்சாள் எனக்காகச் சரக்குத்தூள் வறுத்துக்கொண்டிருந்தார். மிளகு, சீரகம், மல்லி எல்லாம் காய்ந்த தாச்சியில் போட்டு வறுப்பது. பிள்ளைக்கு நெடி ஆகாதென்று எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார்.

அத்தை தொடங்கினார். ஒவ்வொரு பெயரையும் நீட்டிக் கூப்பிட்டு நிறுத்துவார். பின்னாலிருந்து பெண்கள் ஏதோ சொல்வார்கள். பிள்ளை முழித்துக்கொண்டு கிடந்தான். எனக்கு முதுகு வலித்தது, கார்டு எப்போது முடியும் என்று இருந்தது. என் அப்பாவின் பெயர் வந்தது. அந்த வாயில் அது வேறு யாருடைய பெயரோ போலக் கேட்டது. பிள்ளை அசையவில்லை.

அதற்கடுத்ததாக அண்ணாவின் பெயர் வந்தது.

தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். அத்தை இன்னொரு முறை, எழுத்தெழுத்தாகப் பிரித்து, கவனமாகக் கூப்பிட்டார். யாரோ சொல்லிக்கொடுத்துப் பழகிய மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. வாசலில் நின்ற முதுகைப் பார்த்தேன். அது திரும்பவில்லை. குசினிக் கதவு திறந்தது. புகைகிற தாச்சியோடு மச்சாள் அறைக்குள் வந்து கட்டிலருகே நின்றார். மிளகு நெடி என் தொண்டையைப் பிடித்தது. மடியில் பிள்ளை மூக்கைச் சுருக்கினான், வாயைத் திறந்தான், தும்மினான்.

சின்னத் தும்மல். பூனைக்குட்டி தும்மின மாதிரி. போனில் அது கேட்டிருக்க முடியாது. அத்தை ஏதோ கேட்டார். கணவர் திரும்பாமலே அதை இங்கிலீஷில் என்னிடம் கேட்டார். தும்மினானா?

"இல்லை" என்றேன்.

"தும்மினவன்" என்றார் மச்சாள். என் கணவருக்கு விளங்கட்டும் என்று, "யெஸ், யெஸ்" என்றும் சொன்னார்.

நான் மச்சாள் பக்கம் திரும்பினேன். "அவை செத்த ஆக்களின்ர பேரைத்தான் கூப்பிடுறவை. உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். உம்மட மனுசனிட்டக் கேட்டனான். உம்மட அண்ணற்ற பேரையும் சேர்க்கச் சொல்லி நான்தான் சொன்னனான். அவர் மாட்டன் எண்டுதான் சொன்னவர். நான் விடேல்லை."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"உம்மட்டக் கேட்டா நீர் என்ன சொல்லுவீர் எண்டு எனக்குத் தெரியாதே? சாத்திரக்காரரிட்டப் போனன், ஆமிக் காம்ப் காம்பாப் போனன். ஒருத்தரும் இருக்கிறார் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. இவன் எண்டாலும் சொல்லட்டும்."

"மிளகு மச்சாள்! மிளகுக்குத்தான் தும்மினவன்!" என்று கத்தினேன். பிள்ளை பயந்து வீரிட்டான்.

"தெரியும்" என்றார் மச்சாள். "வறுத்தது நான்தானே."

அவர் தாச்சியை ஒளிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று கார்டுக்காரியின் பதிவுக் குரல் சொன்னது. அத்தை மறுபடி கேட்டார். தாய் சொன்னால் போதும் என்கிறார் என்று கணவர் சொன்னார். அவர் குரல் அழுகிறவரின் குரல் போல இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவு கோபம். அவர் மேல், அந்தக் கிழவி மேல், மச்சாள் மேல், சைக்கிளில் போன அண்ணா மேல். ஒரு நிமிடத்துக்குள் நான் இல்லை என்று சொல்லலாம், கார்டு முடிந்துவிடும், அடுத்த ஞாயிறும் மச்சாள் ரயில் மாறி மாறி வருவார்.

"ஓம்" என்றேன்.

கணவர் அதை மொழிபெயர்த்தார். ஆள் வந்துவிட்டார் என்று போனில் பெண்கள் எல்லாரும் ஒன்றாகக் குரலெடுத்துச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பின் நடுவிலேயே கார்டு முடிந்தது. மச்சாள் தாச்சியைத் தரையில் வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வீரிட்டுக்கொண்டிருந்த பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கித் தோளில் போட்டு, முதுகைத் தடவி, அண்ணாவின் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருநாளும் அவர் தன் கணவரின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.