வாவிப் பக்கம் கிறுகிய கால்

வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தேற்றாத்தீவில் ஒரு கோழி முட்டையிட்டால், அது அடுத்த வளவுக்காரியின் சட்டிக்குள்தான் போய் விழும். நம்பாதவர்கள் ஆடியில் வந்து பார்க்கலாம். அந்தக் காற்றுக்குள் கரப்பந்து பழகியவள் கேதீஸ்வரி. வயல் செய்கிற நல்லரத்தினத்தின் மூத்த மகள். களுவாஞ்சிகுடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வாவியோர மைதானத்தில் பந்தை நேராக அடித்தால் காற்று அதைக் கடற்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே அவள் வலப்பக்கம், வாவியைப் பார்த்து அடிப்பாள். பந்து பாதி வழியில் மனம் மாறி, வளைந்து வந்து எதிரணியின் மூலைக்குள் இறங்கும். மாவட்டத்தில் அந்தச் சேர்விஸை எடுத்தவர்கள் குறைவு. எடுக்கப் போய் நொங்குக் கடைக்குள் விழுந்தவர்கள் அதிகம்.

தேசிய அணியின் பயிற்றுநர் மல்காந்தி அவளைத் தெரிவுசெய்தது அந்தச் சேர்விஸுக்காக மட்டுமே. எதிரணி அடிக்கும் பந்தை எடுப்பதில் அவள் சுமார்.

கொழும்பு உள்ளரங்கில் காற்று இல்லை. அவள் அடித்த பந்தெல்லாம் வலப்பக்கக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தன. அணியில் பந்து தூக்கிக் கொடுப்பவள் ஏறாவூர் முப்லிஹா. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னகா, கொழும்புக்கும் வாவியக் கூட்டிட்டு வந்திரிக்காயா?"

"நேராத்தான்டி அடிக்கிறன்."

"கை நேராத்தான் போகுது. காலப் பாரு. அடிக்கிற நேரம் இடக்கால் வலப்பக்கம் கிறுகிப் போய் நிக்கிது."

கேதீஸ்வரி குனிந்து பார்த்தாள். கால் அப்படித்தான் திரும்பி நின்றது.

மல்காந்தி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். புத்தாண்டு விடுமுறை முடிந்து வரும்போது பந்து கோட்டுக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் காத்மண்டுப் போட்டிக்கு வேறொருத்தி போவாள்.

ஊருக்கு வந்தவள் பையை இறக்கிவைக்க முன்னமே தகப்பனிடம் விவசாயிகள் சங்கத்து நெல்லுக் களஞ்சியத்தின் திறப்பைக் கேட்டாள்.

"களஞ்சியத்துக்குள்ள பந்தடிச்சா சனம் என்ன சொல்லும் மகள்? நல்லரத்தினத்தின்ர பெட்டை எலி பிடிக்கப் போறாள் எண்டு சொல்லும்."

"சொல்லட்டும் அப்பா. காத்து வராத இடம் வேற எங்க இரிக்கு? மூட்டைய ரெண்டு வரிசையா அடுக்கித் தாங்க. நடுவில நான் நிக்கிற அளவுக்கு மட்டும் வழி விடுங்க."

"அவ்வளவு நெருக்கமாவா? கால் கொஞ்சம் கிறுகினாலும் முழங்கால் மூட்டையில அடிபடுமே!"

"அதுக்குத்தான் கேட்கிறன்."

அடிபட்டது. சாக்கு முழங்கால் தோலை உரித்தது. அயலுக்குள் பலகாரத் தட்டுகள் போய்வந்துகொண்டிருக்க, அவள் எதிர்ச்சுவரில் சுண்ணாம்பால் கீறிய கோட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். தகரக் கூரையின் வெக்கையில் அந்த நெல் மூட்டைக்குள்ளேயே அவிந்துவிட்டதென்றும், சங்கத்தார் அதை அப்படியே குத்தி ஆக்கினார்களென்றும் ஊரில் ஒரு கதை. சோறு நன்றாக இருந்ததால் எவரும் அதை மறுக்கவில்லை.

விடுமுறை முடிந்தபோது கால் நேராகிவிட்டிருந்தது. காத்மண்டுவுக்கு அவளும் போனாள்.

அங்கே முதல் ஆட்டத்தில் அவளை இறக்கினார்கள். வலப்பக்கம் போய்விடுமோ என்ற பயத்தில் தயங்கி அடித்தாள். பந்து வலையில் முட்டி விழுந்தது. அதன்பிறகு அவளுக்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற வாங்குதான். மற்றவர்கள் ஆடி அணியை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் வரை கொண்டுவந்தார்கள்.

அந்த ஆட்டம் கடைசிச் செட்டுக்குப் போனது. எதிரணிக்குப் பதினாலு, நமக்குப் பதின்மூன்று. சேர்விஸ் நம்முடையது. அது வெளியே போனால் எல்லாம் முடிந்தது. மல்காந்தி வாங்கைத் திரும்பிப் பார்த்து, கேதீஸ்வரியைக் கை காட்டினார்.

பந்தைக் கொடுக்கும்போது முப்லிஹா சொன்னாள்: "வெளிய அடிச்சாயெண்டா நானும் உன்னோட தேற்றாத்தீவுக்கு வந்திருவன். ஏறாவூருக்கு எந்த மூஞ்சியோட போறது?"

"வாகா. மூட்டை தூக்க ஆள் தேவைதான்."

எதிரணியின் ஆட்கள் கத்திய கத்தில் இமயமலையில் கொஞ்சம் பனி சரிந்திருக்கும். கேதீஸ்வரி இடக்காலை முன்வைத்தாள். அது வலப்பக்கம் கிறுகப் பார்த்தது. அழுத்தி ஊன்றினாள். இந்தமுறை தயங்காமல் அடித்தாள்.

பந்து நேராகப் போய் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தது. நீயா நானா என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினாலுக்குப் பதினாலு.

அடுத்ததும் உள்ளே. எதிரணி தடுமாறித் திருப்பியதை நம்மவர்கள் அடித்து முடித்தார்கள். பதினைந்து. இரண்டு புள்ளி முந்தினால்தான் வெற்றி, இன்னும் ஒன்று வேண்டும்.

மூன்றாவதை எதிரணி ஒழுங்காக எடுத்து, அடிக்கக்கூடியவளிடம் கொடுத்தது. அவள் பார்த்து அடித்தது கேதீஸ்வரிக்கு. வாங்கிலிருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கேதீஸ்வரி மூடவில்லை. உரிந்த முழங்காலோடு விழுந்து கையைக் கொடுத்தாள். பந்து கோணலாக எழும்பியது. முப்லிஹா ஓடிப்போய் ஒற்றைக் கையால் அதைத் தூக்கிவிட, இடப்பக்கம் நின்றவள் ஓங்கி அடித்தாள். பந்து தடுத்தவளின் கையில் பட்டு வெளியே தெறித்தது. மத்தியஸ்தர் நமது பக்கம் கை நீட்டினார். பதினாறு. மூன்றாம் இடம் நமக்கு.

பதக்கம் போட்டு முடிந்ததும் மல்காந்தி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "சேர்விஸ் நல்லம். பந்து எடுக்கிறது சரியில்ல. கோணல்."

"தெரியும் மிஸ். அதையும் நேராக்கிறன். அடுத்த போட்டிக்கு என்னை முதலே இறக்குங்க."

"முதல் பழகு."

மற்றவர்கள் படம் பிடிக்கக் கூடினார்கள். கேதீஸ்வரி முப்லிஹாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"படம் மறுகா பிடிக்கலாம். அவங்க வலையக் கழட்ட முன்னம் எனக்கு நாலு பந்து அடி."

"பதக்கத்தோடயாடி?"

"கழட்டி வச்சிட்டு வா. பலமா அடி."