மெதுவாக நடப்பவரின் வேகம்

இது நடந்தது 2007-ஆம் வருடம், சிதம்பரத்தில். எங்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவர் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் கல்லூரி அவரைச் சில மாதப் பயிற்சிக்குப் பெங்களூர் அனுப்பியது. பயிற்சியில் என்ன கற்றுக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வரும்போது ஒரு சுருக்குப்பை நிறையப் பகடைகளோடும், தலையணை கனத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தோடும் வந்து இறங்கினார். எனக்கு ஒரு சேலைகூட வாங்கி வரவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பகடை என்றதும் தாயக்கட்டையை நினைத்துவிடாதீர்கள். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று கலர் கலராக இருக்கும். ஆட்டத்துக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. அறைத் தோழர்களிடம் பழகி வந்ததாகச் சொன்னார். ஒருவர் கதை சொல்லி நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பூமிக்கடியில் பாழடைந்து கிடக்கும் ஒரு சுரங்கத்துக்குள் விளக்கோடு இறங்க வேண்டும். "இடது பக்கம் ஒரு கதவு. உள்ள ஏதோ மூச்சு வுடுற சத்தம். என்னா பண்றீங்க?" என்று கேட்பார் நடத்துபவர். நாம் பதில் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். புதையலோடு உயிரோடு வெளியே வந்தால் நம் சாமர்த்தியம். முதல் நாள் தலையில் அடித்துக்கொண்டவள் நான். அடுத்த மாதமே ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்தவளும் நான்தான்.

ஆட்டத்துக்கு என்னைத் தவிர இரண்டு பேர் வருவார்கள். ஒருவன் என் தம்பி. கடலூரில் தங்கி, குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். லீவு கிடைத்தால் பஸ் ஏறி வந்துவிடுவான். இன்னொருவர் என் கணவரின் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அந்தக் குடும்பத்தில் டிப்ளமோ முடித்த முதல் ஆள். பெயர் வேண்டாம், எங்கள் வீட்டில் இப்போதும் அவர் 'பரங்கிப்பேட்டைக்காரர்'தான். என்னை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவார். சனிக்கிழமை ஊருக்குப் போய் அக்கா மகளைப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலையில் ஒரு பை மீனோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அவருடைய அக்கா சுனாமியில் போய்விட்டார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். எப்படி என்று கேட்டதில்லை. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஆட்கள் யாரிடமும் அதைக் கேட்க வாய் வராது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

ஆட்டம் பழகியதும் ஒரு பஞ்சாயத்து வந்தது. எந்தப் புத்தகத்தை வைத்து ஆடுவது? என் கணவர் கொண்டுவந்த தடிப் புத்தகத்தில் விதிகள் கொட்டிக் கிடந்தன. ஒரு வேஷத்தைத் தயார் பண்ணி முடிப்பதற்குள் குழம்பு கொதித்து இறக்கிவிடலாம். இதற்கிடையில் அவர் இன்டர்நெட்டில் இன்னொன்றைப் பிடித்தார். நாங்கள் பிறப்பதற்கு முன்பு ஆடிய மாதிரியே ஆட வேண்டும் என்று யாரோ ஆர்வக்கோளாறுகள் பழைய முறையை எழுதிச் சும்மா போட்டிருந்தார்கள். அதைப் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டுக்கொண்டு வந்தார். ஒல்லிப் புத்தகம். அதில் ஆள் சட்டென்று செத்துப்போவான், ஆனால் சட்டென்று இன்னொருவனை உருவாக்கிவிடலாம்.

தம்பிக்குத் தடிப் புத்தகம்தான் உயிர். "இதுல பவர் ஜாஸ்தி மாமா, படமும் சூப்பரா இருக்குது" என்பான். எனக்கு ஒல்லிதான் பிடித்தது. குக்கர் விசில் வருவதற்குள் என் முறை வந்துவிடும். பரங்கிப்பேட்டைக்காரரைக் கேட்டால், "எதுன்னாலும் சரி அண்ணி" என்பார். எதையும் அப்படித்தான் சொல்வார், சாப்பாட்டையும்கூட. கடைசியில் என் கணவர் தீர்ப்பு சொன்னார்: ஒரே சுரங்கத்தை இரண்டு புத்தகத்திலும் ஆடிப் பார்ப்போம், எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்வோம்.

முதலில் தடி. நான் இரும்புக் கவசம் போட்ட வீராங்கனை. தம்பி திருடன், அவனுக்கு அது பொருத்தம்தான். பரங்கிப்பேட்டைக்காரர் வில்லாளி. உள்ளே கொஞ்ச தூரம் போனதும் ஓநாய் மாதிரி ஒரு கூட்டம் துரத்தியது. மூன்று பேரும் திரும்பி ஓடினோம். தடிப் புத்தகத்தில் ஆளாளுக்குத் தனித்தனி வேகம். கவசத்தின் கனத்தால் என் வேகம்தான் குறைவு. என் கணவர் பேப்பரில் கோடு போட்டு, "அவுங்க ரெண்டு பேரும் படிக்கட்டுக்கு வந்துட்டாங்க, நீ இன்னும் பாதியிலதான் இருக்கற" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. விளையாட்டாக அவர்களைப் பார்த்து, "நீங்க ஓடுங்க, நா வர்றேன்" என்றேன்.

பரங்கிப்பேட்டைக்காரர் கையிலிருந்த பகடையைப் போடவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பகடையை மெல்லக் கீழே வைத்தார். "ஒரு வேல இருக்குது அண்ணி" என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர் கொண்டுவந்த வஞ்சிரம் அடுப்பில் இருந்தது. தம்பி, "ஆட்டத்துக்குப் போயி இவ்ளோ கோவமா?" என்று சிரித்தான். எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான், சாப்பிட்டுவிட்டாவது போயிருக்கலாமே என்று.

அதற்கப்புறம் பல ஞாயிறுகள் அவர் வரவில்லை. கல்லூரியில் என் கணவர் கேட்டால் உடம்பு சரியில்லை, ஊரில் வேலை என்று ஏதாவது ஒரு காரணம். ஒருநாள் என் கணவரே ஒல்லிப் புத்தகத்தை எடுத்துப்போய் அவர் மேஜையில் வைத்துவிட்டு, "படிச்சிப் பாருப்பா, அண்ணி ஒன்னப் படிக்கச் சொன்னா" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வந்தார், மீன் பை இல்லாமல். கையில் ஸ்பைரல் புத்தகம் மட்டும். உட்கார்ந்ததும் மடித்து வைத்திருந்த ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார்.

"அண்ணி, இதுலயே ஆடலாம். இதுல பாருங்க, ஓடறப்ப குழுவோட வேகம்னா, அதுல யாரு மெதுவா போறாங்களோ அவுங்க வேகம்தானாம். யாரும் தனியா முன்னாடி ஓட முடியாது."

அப்புறம் அவராகவே சொன்னார். அவருடைய அக்காவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. தாங்கித் தாங்கித்தான் நடப்பார். அம்மா இல்லாத வீட்டில் இவரைத் தூக்கி வளர்த்ததே அந்த அக்காதான். சுனாமி வந்த அன்று காலை ஜனங்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது, அக்காவும் அவருடைய சின்ன மகளும் இவரோடு வாசலில் இருந்திருக்கிறார்கள். அக்கா குழந்தையை இவர் கையில் திணித்தார். "நீ ஓடுடா, நா வர்றேன்." இவர் ஓடினார். சவுக்குத் தோப்புக்கிட்ட ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அக்கா வந்துகொண்டுதான் இருந்தார். ரோட்டுக்கு ஏறி மறுபடி பார்த்தபோது அங்கே தண்ணீர்தான் இருந்தது.

"யாரும் என்ன ஒரு வார்த்த சொல்லல அண்ணி. அக்கா வூட்டுக்காரரு, எங்க மாமாகூட, பாப்பாவ காப்பாத்துனியேன்னு கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. எல்லாரும் நல்லதாவே சொல்றாங்க. அதான் தாங்க முடியல."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. நான் சிரித்துக்கொண்டு சொன்ன வார்த்தை எங்கே போய்ப் பட்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. தம்பி என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தை இழுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தான். "மாமா, இதுக்கு அடுத்த வரியில..." என்று அவன் தொடங்கியதும் நான் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். நானும் அந்த வரியைப் பார்த்திருந்தேன். விரும்புகிறவர் குழுவை விட்டுப் பிரிந்து தன் வேகத்தில் ஓடலாம் என்று அதில் இருந்தது.

என் கணவர் புத்தகத்தை வாங்கினார். பேனாவை எடுத்து அந்த வரியின்மேல் ஒரு கோடு போட்டார். "நம்ம வூட்ல இதான் விதி. ஒண்ணா உள்ள போறோம், ஒண்ணாதான் வெளிய வர்றோம்" என்றார். விதி என்றால் விதி என்று முறுக்கிக்கொண்டு நிற்கிற மனுஷன் அவர். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியம் கொஞ்சநஞ்சமில்லை. சேலையை மன்னித்துவிட்டேன்.

அன்றே ஆடினோம். அதே சுரங்கம், அதே ஓநாய்க் கூட்டம், அதே இரும்புக் கவசம் எனக்கு. மூவரும் என் வேகத்தில் ஓடினோம். பரங்கிப்பேட்டைக்காரர் என் பக்கத்திலேயே வந்தார். "அண்ணி கூடத்தான் நானு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். அன்றைக்கென்று பகடையும் எங்களைக் கைவிட்டது. படிக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஓநாய்கள் எங்களைப் பிடித்துவிட்டன. முதலில் தம்பி, பிறகு நான், கடைசியில் அவர். மூன்று பேரும் செத்துப்போனோம்.

அவர் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"அப்ப, பாப்பாவும் போயிருக்கும் இல்ல?"

நான் உள்ளே போய் டீ போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அதையும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்.

மறுவாரம் மீன் பையோடு வந்தார். எல்லோரும் புது வேஷம் எடுத்தோம். "அண்ணி, கவசத்த எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நான் இந்தத் தடவை வில்லாளி. உள்ளே போனோம், கொஞ்சம் புதையலும் கிடைத்தது. திரும்பும்போது பின்னால் சத்தம் கேட்டது. ஓட ஆரம்பித்தோம். என் கணவர் குழுவின் வேகத்தைக் கணக்குப் போடுவதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"அண்ணே, அன்னிக்கு ஒரு வரிய அடிச்சீங்களே. அது இன்னிக்கு எனக்கு வேணும்."

"எந்த வரிப்பா?"

"பிரிஞ்சி ஓடலாம்னு போட்டிருக்குமே, அது. அத நா அப்பவே படிச்சிட்டேன் அண்ணே."

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். பரங்கிப்பேட்டைக்காரர் என் பக்கமும் தம்பி பக்கமும் திரும்பினார். "வெளக்க நீங்க எடுத்துக்குங்க. நீங்க ஓடுங்க, நா வர்றேன்" என்றார்.

ஆட்டத்தின் முறைப்படி, "ஓடுறோம்" என்று நாங்கள் வாயால் சொல்ல வேண்டும். எப்போதும் லொடலொடவென்று பேசுகிற என் தம்பிக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நானும் சொல்லமாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கெஞ்சுகிற மாதிரி. "ஓடுறோம்" என்றேன். குறுகலான ஒரு வழியில் அவருடைய வீரன் தனியாக நின்றான். பகடை கொஞ்ச நேரம் அவன் பக்கம் இருந்தது, பிறகு இல்லை. அதற்குள் நாங்கள் விளக்கோடு வெளிச்சத்துக்கு வந்துவிட்டோம்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"சொல்றப்ப பயமே இல்ல அண்ணி. நீங்க நிக்காம போவணுமேன்னு மட்டும்தான் இருந்துச்சி. திரும்பிப் பாத்துடுவீங்களோன்னுதான் பயமா இருந்துச்சி." பிறகு, "அக்காவுக்கும் அப்டித்தான் இருந்திருக்குமா?" என்று கேட்டார்.

"அப்டித்தான் இருந்திருக்கும் தம்பி" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதைத் தவிர வேறு எதையும் என்னால் சொல்ல முடிந்திருக்காது.

அவர் மனசு ஆறிவிட்டது என்றெல்லாம் நான் எழுதமாட்டேன். டிசம்பர் மாதம் வந்தால் அவரோடு பேச முடியாது, போனை எடுக்கமாட்டார். ஆனால் அந்த ஒல்லிப் புத்தகத்தை வைத்துத்தான் பிறகு சில வருடம் ஆடினோம். அவர் மஸ்கட் போகும்வரை இரும்புக் கவசம் அவருடையதுதான். தடிப் புத்தகத்தைத் தம்பி கடலூருக்கு எடுத்துக்கொண்டு போனான்.

கடைத்தெருவிலோ பஸ் ஸ்டாண்டிலோ, கூட வருகிற யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க போங்க, நா வர்றேன்" என்று சாதாரணமாகச் சொன்னால்கூட இப்போதும் எனக்கு அந்தச் சுரங்கம் ஞாபகம் வந்துவிடுகிறது. நிற்காமல் போவதுதான் சில சமயம் அவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை என்று பரங்கிப்பேட்டைக்காரர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்; ஆனாலும், ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் என்னால் இன்றுவரை போக முடிந்ததில்லை.