அண்ணன் மாட்டிய கியர் பாக்ஸ்

அண்ணன் மறைந்து ஓராண்டு முடிகிற இந்த நாளில் எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சென்ற ஆண்டு துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் என் கையைப் பிடித்து அழுது முடித்த கையோடு, அந்தச் சிவப்பு வண்டியை என்ன செய்யப் போகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். அழுகைக்கு நடுவிலும் எனக்கு எரிச்சல் வந்தது. அந்த வண்டிக்கு ஆதியிலிருந்தே எதிரி நான். இன்று இந்த நினைவு மலரில் அதைப் பற்றி எழுத நானே உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் குன்னம் பக்கத்தில் எங்கள் சிற்றூரில் பிறந்தார். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஊரார் கொல்லையில் களை எடுத்தும் பருத்தி பறித்தும் எங்களை வளர்த்தார்கள். குடும்பத்தில் முதலில் ஐ.டி.ஐ. வாசலை மிதித்தவர் அண்ணன்தான். படிப்பு முடிந்ததும் அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் வண்டிப் பிரிவில் சேர்ந்தார். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். எனக்குத் திருமணம் செய்து ஜெயங்கொண்டத்துக்கு அனுப்பிய பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. என் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார்கள். கோபம் வந்தால் அண்ணன் கத்த மாட்டார். ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார். நாங்களாகப் புரிந்துகொண்டு விலகிப் போய்விட வேண்டும்.

ஆலையை விட்டுப் போன பொறியாளர் ஒருவர், கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அண்ணனிடம் விட்டுப் போனார். வெளிநாட்டில் செய்தது. அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நம்ம வூட்டு ஆளுங்க ஏற நாலு நடை அடிக்கணுமே" என்றார். அந்தக் கவலையும் வேண்டியிருக்கவில்லை. வண்டி ஒழுங்காக ஓடினால்தானே. இரண்டாவது கியர் போட்டால் நிற்காது. வண்டி இழுக்கத் தொடங்கியதும் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். உதிரி பாகம் இந்தியாவிலேயே இல்லை என்று எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். வண்டி கொட்டகைக்குள் கிடந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, அதே மாதிரி வண்டி ஒன்று விபத்தில் நொறுங்கிக் கோயம்புத்தூரில் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். என்ஜின் உடைந்து போயிருந்தது. கியர் பாக்ஸில் மட்டும் கீறல்கூட இல்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அந்த வண்டியில் இருந்ததைக் கழற்றி இந்த வண்டியில் மாட்டுவது என்பது திட்டம்.

அதற்குள் நெஞ்சு வலி வந்துவிட்டது. திருச்சியில் பார்த்த மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றார். அண்ணன் கேட்கவில்லை. வண்டி ஓடிய பிறகுதான் ஆஸ்பத்திரி என்று ஒரே பிடியாக நின்றார். நான் கத்தினேன், அண்ணி கெஞ்சினார். "பாதியில விட்டுட்டுப் போயி நான் திரும்பி வரலைன்னா, பழைய இரும்புக்காரன்கிட்ட கிலோ கணக்குல போட்டுருவீங்க" என்றார். நிச்சயம் போட்டிருப்போம்தான்.

அவர் எடை தூக்கக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைகொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் சொல்லச் சொல்ல, அவர்கள் இரண்டு வண்டிகளிலும் சீட்டைக் கழற்றி, நடுவில் மேடாக இருக்கும் தகட்டை எடுத்து, சவுக்குக் கழிகளில் கயிறு கட்டி, கியர் பாக்ஸ்களை உள்பக்கமாகவே தூக்கி வெளியே வைத்தார்கள். நல்லதன் மேல் அண்ணன் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.

இனி மாட்டுவதுதான் பாக்கி. இடையில் ஆயுத பூஜை வந்தது. அன்று காலை ஏதோ பரிசோதனை என்று என் வீட்டுக்காரர் அண்ணனைத் திருச்சிக்கு அழைத்துப் போயிருந்தார். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் ஒரு திருப்புளிகூட அழுக்கோடு சாமி முன்னால் போகக் கூடாது. அண்ணி இரண்டு கியர் பாக்ஸ்களையும் மண்ணெண்ணெய் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்து, சோப்புத் தூள் போட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சூட்டி, பொரிகடலைக்குப் பின்னால் இரட்டைப் பிள்ளைகளைப் போல உட்கார வைத்துவிட்டார்.

மாலையில் அண்ணன் வந்து நின்றார். வட்டம் போட்டது எது என்று கேட்டார். அண்ணிக்கு அப்போதும் விளங்கவில்லை. "ரெண்டுக்கும்தாங்க பொட்டு வச்சிருக்கேன்" என்றார்.

கையால் சுழற்றிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே சுழன்றன. வண்டி இழுக்கும்போதுதான் அந்தக் குறை தெரியும். பிரித்துப் பார்க்கலாம் என்றால், திரும்பச் சேர்க்க வாரக்கணக்கில் ஆகும். அண்ணன் ஸ்பேனரைத் தேடவில்லை, சிரித்துவிட்டார். அண்ணிதான் உடைந்து போனார். "ஆபரேசனத் தள்ளிப்போட வச்ச பாவி நானாயிட்டேன்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில், இடப்பக்கம் இருந்ததை மாட்டுங்கள் என்று அவரே சொன்னார். மாட்டினார்கள். மண்வெட்டிப் பிடியைச் செதுக்கி அவர் செய்து வைத்திருந்த கட்டையை உள்ளே செருகி, கிளட்ச் தகட்டை நேராக நிறுத்தியதை மட்டும் தம் கையாலேயே செய்தார். மறுநாள் அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு குன்னம் சாலையில் கிளம்பினார். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். தவறானது மாட்டியிருந்தால் ஆபரேஷன் இன்னும் எத்தனை நாள் தள்ளிப் போகுமோ என்று நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி திரும்பி வந்தது. அண்ணன் இறங்கி, "நல்லதுதான் மாட்டிருக்கோம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. அண்ணி நேரே சமையலறைக்குப் போய் உலை வைத்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு அண்ணன் பல ஆண்டுகள் நன்றாக இருந்தார். என் மகள் திருமணத்தில் தாய்மாமன் சீர் தூக்கி வந்தார். தினமும் அண்ணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வருவார். யார் கேட்டாலும் ஓட்டக் கொடுக்க மாட்டார். இந்த மனிதருக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று நாங்களே பேசிக்கொண்டதுண்டு. சென்ற ஆண்டு ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார். வலி இல்லை, படுக்கையில் கிடந்து சீரழியவும் இல்லை.

இந்த நினைவு நாளுக்காகப் போன வாரம் என் வீட்டுக்காரர் அந்த வண்டியை எடுத்தார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். போன வேகத்தில் திரும்பி வந்து, என்னைத் தனியாக அழைத்து, இரண்டாவது கியர் நிற்கவில்லை, இது பழைய கியர் பாக்ஸ் என்றார். அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தவே இல்லை.

"அன்னிக்கே, தெரு முக்கு திரும்பயிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டாவது போட்டா, மனுசன் கையை அதுலேருந்து எடுக்கவே இல்ல. அமுக்கிப் புடிச்சுக்கிட்டே ஓட்டுனாரு. நான் வாயத் தொறந்திருந்தா அப்பயே திரும்பி வந்து பிரிச்சுப் போட்டிருப்பாரு. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எங்க போறது? நான் மக்காச்சோளக் காட்டப் பாத்துக்கிட்டே வந்துட்டேன்."

பின்கட்டில் தார்ப்பாயில் மூடிக் கிடக்கும் நல்லதை எடுத்து மாட்டித் தரவா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "வேணாம்ணே. அவரு மாதிரியே நீங்களும் புடிச்சுக்கிட்டே ஓட்டுங்க" என்றார் அண்ணி.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கியர் பாக்ஸ் தூக்கிய அதே தோளால் அவரையும் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஆலையில் உடன் வேலை பார்த்த தோழர்களுக்கும், கருமாதி வரை உடனிருந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மனசு லேசாக இருக்கிறது. அன்றைக்கு அண்ணன் ஒரு பொய் சொன்னார். அண்ணி அதை நம்பியதுபோல இருந்துவிட்டார். இருவரில் ஒருவர் உண்மையைப் பேசியிருந்தாலும் இந்த மலரை நாங்கள் எப்போதோ அச்சடித்திருப்போம்.