நரியும் நஞ்சுக்கொடியும்

இரவு ஒன்று நாற்பதுக்கு முதலில் தெரிந்தவை இரண்டு பச்சைப் புள்ளிகள். மேய்ச்சல் நிலத்தின் கிழக்கு ஓரத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அசையாமல் நின்றன. பிறகு ஒரே நேரத்தில் அணைந்தன.

“வந்துட்டான்,” என்றார் என் தங்கையின் கணவர்.

ரங்கூனை அடுத்த கியாக்தான் ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஐந்து மாடுகள். பால் விடியற்காலைப் பேருந்தில் ரங்கூன் தேநீர்க் கடைகளுக்குப் போகும். அந்த ஆண்டு பிறந்த இரண்டு கன்றுகளையும் பிறந்த இரவே நரி கொன்றுவிட்டது. கன்று இல்லாத மாடு பால் சுரக்கவில்லை, இரண்டும் வற்றிவிட்டன. மூன்றாவது மாடு அன்று மாலைதான் ஈன்றிருந்தது. இந்தக் கன்றும் போனால் மாடுகளை விற்றுவிட்டு ரங்கூனின் ஆலைப் பகுதியான லைங் தாயாவில் ஏதாவது ஆலைக்குக் காவலாளியாகப் போவதென்று அவர் முடிவு செய்திருந்தார். தங்கை அந்தப் பேச்சையே காதில் வாங்கவில்லை.

வீட்டு வாசலில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர் ஒரு பர்மியப் பெரியவர். ‘ஊலே’ என்று அழைத்தோம். மாமா என்பது போல. அக்கம்பக்கத்தில் அனுமதியோடு மிஞ்சியிருந்த ஒரே துப்பாக்கி அவருடையது. அதன் மேல் ஒரு பழைய தொலைநோக்கி பொருத்தியிருந்தார். நல்ல நிலவு. கண்ணை அதில் வைத்தபடி அவர் நிலத்தைத் துழாவினார்.

“சுடுங்க ஊலே!” என்று தங்கையின் கணவர் கிசுகிசுத்தார்.

“பேசாம இரு.” அவர் பர்மியத்தில்தான் பேசினார். “தொழுவம் எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்.”

“அவன் வலது பக்கம் போறான்.”

துப்பாக்கியை மெல்லத் திருப்பினார். திருப்பியவர் பெருமூச்சு விட்டு விரலை எடுத்துக்கொண்டார். வலப்பக்கம் ஓர் ஆலமரம். அதற்கு நேர் பின்னால் பக்கத்து வீட்டு மூங்கில் சுவர். தோட்டாவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

“நீயே பாரு.”

நான் நினைத்ததைவிட நரி மெலிந்திருந்தது. பின்னங்கால்களில் நின்று, ஒரு முன்னங்காலை மரத்தில் ஊன்றி, மேலே தாவியது. விழுந்தது. மறுபடி தாவியது. கன்று இருந்த பக்கம் அது திரும்பவே இல்லை.

“அந்த மரத்துல என்ன தொங்குது?” என்று கேட்டார் ஊலே.

தங்கையின் கணவர் தயங்கியபடி சொன்னார். மாடு ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிப் பால்வடியும் மரத்தில் கட்டுவது எங்கள் வழக்கம். அப்போதுதான் மாடு நன்றாகக் கறக்கும் என்பார்கள். அவர் மரம் ஏற மாட்டார். அதனால் கைக்கு எட்டிய கிளையில், தொழுவத்திலிருந்து இருபது அடியில் கட்டியிருந்தார். முந்தைய இரண்டு முறையும் அதே கிளைதான்.

ஊலே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. “விருந்து வச்சுக் கூப்பிட்டுட்டு விருந்தாளியச் சுடச் சொல்றியா? சாப்பிட்டு முடிச்சவன் பக்கத்துல கன்னு வாசனை அடிச்சா சும்மா போவானா?”

தங்கையின் கணவர் எழுந்து, பால் தூக்கை ஒரு கட்டையால் அடித்தபடி மரத்தை நோக்கி ஓடினார். நரி வயல் பக்கம் மறைந்தது. சத்தம் கேட்டு விளக்கோடு வந்த தங்கையிடம் விஷயத்தைச் சொன்னோம்.

“கட்டாம விட்டா மாடு பால் சுரக்காது,” என்றாள்.

“கட்டினதாலதாண்டி ரெண்டு கன்னு போச்சு.”

“கட்டினதாலயா? நீங்க கட்டின லட்சணத்தால! எட்டுற கிளையில கட்டினா நரிக்கு எட்டாதா?” என்னைப் பார்த்தாள். “அண்ணே, படகுத்துறையில ஒரு ஆலமரம் இருக்குல்ல?”

“இருக்கு. ஒரு மைல் இருக்கும்.”

“மரம் எங்க நின்னா என்ன? பால் வடியணும், அவ்வளவுதானே.”

ஊலே கிளையிலிருந்து வைக்கோல் பொட்டலத்தை அவிழ்த்துக் கொடுத்தார். அது மிதிவண்டியின் பின்னால் ஏறியது. தங்கையின் கணவர் வண்டியை மிதித்துக்கொண்டு போக, தங்கை இன்னொரு முறை கத்தினாள்: “உயரத்துல கட்டுங்க! ஆள் வச்சாவது ஏத்துங்க!”

நாங்கள் விடியும்வரை தொழுவத்தின் வாசலில் இருந்தோம். நரி வரவில்லை. ஐந்தேகாலுக்குக் கன்று மறுபடி எழுந்து, இரண்டு முறை சரிந்து, மடியைத் தேடிப் பிடித்தது.

அடுத்த மழைக்காலம் தொடங்கியபோது அந்தத் தொழுவத்தில் மூன்று கன்றுகள் இருந்தன.