நான் கண் எழுதிய அசுரப் படை

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஐந்து பேர். மூன்று நான் பெற்றது. இரண்டு என் கொழுந்தனாருடைய பிள்ளைகள், தாய் போய்விட்டதால் என்னிடம் வந்ததுகள். ஐந்தும் ஒரே பானைச் சோறுதான் தின்றது, ஒன்றுக்கு அதிகம் ஒன்றுக்குக் குறைச்சல் என்று நான் வைத்ததில்லை. அதில் நான் பெற்ற கடைசிப் பிள்ளையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகிறது. ஆகட்டும், எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை.

எங்கள் ஊர் விருத்தாசலத்தில், செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மைக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றுகிற ஆட்கள் வேறே, சூளைக்கு ஏற்றுகிறவர்கள் வேறே. நான் பெயிண்டிங். அதிலும் கண். சேலை, நகை, முடி எல்லாம் மற்ற பெண்கள் தீட்டி முடித்து என் பலகையில் வரிசையாக வைப்பார்கள். கடைசியில் நான் கண் எழுதுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், சொன்னால் என்ன? கண் சரியில்லை என்று ஒரு பொம்மைகூடத் திரும்பி வந்தது கிடையாது.

கடைசிப் பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கொரோனா காலத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவன், ஆபீஸ் திறந்த பிறகும் மாசத்தில் பாதி நாள் இங்கேயே இருந்தான். கூட ஒரு பெட்டி வந்தது. அதில் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் துண்டுகள். கை தனி, கால் தனி, தலை தனி. வெட்டி எடுத்து, பசை வைத்து ஒட்டி, வர்ணம் அடித்து மேஜைமேல் நிறுத்தினான். ஒவ்வொன்றும் ஒன்றேகால் இஞ்சு உயரம் இருக்கும்.

"என்னாடா இது, கொலுவா?"

"கொலு இல்லம்மா, படை. பாதாளத்துலருந்து ஏறி வர்ற அசுரப் படை. எதிர்ல நிக்கிறவன் வேற படை கொண்டாருவான். டேப்பு வச்சி அளந்து நகத்தணும், தாயக்கட்டை மாதிரி உருட்டணும். செத்தவன எடுத்து ஓரமா வச்சிடணும். ஞாயித்துக்கெழமைன்னா பெங்களூர்ல ஒரு ஹால்ல கூடுவோம்."

"முப்பத்தஞ்சு வயசாவுது. பொண்ணு குடுக்க வர்றவங்க கண்ணுல படாம வை."

"பொண்ணு குடுக்க எவன்மா வந்தான் இதுவரைக்கும்?"

அவன் மற்றதெல்லாம் நன்றாகத்தான் செய்தான். கண் மட்டும் வரவில்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"டேய், உன் அசுரன் ரெண்டு பக்கமும் பஸ்ஸு வருதான்னு பாக்கறான்."

"சும்மா கொறை சொல்லாத. கடுகுல பாதிதான் கண்ணு. நீ எழுதிக் காட்டு பாப்போம்."

எழுதிக் காட்டினேன். கண்புரை ஆபரேஷன் ஆன கண்தான். ஆனால் கை இன்னும் கம்பெனிக் கைதான். அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, இவன் என்னையே மொறைக்கிறாம்மா."

அதோடு படை மொத்தத்துக்கும் கண் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. பூதக்கண்ணாடி வைத்த விளக்கு ஒன்று வாங்கித் தந்தான். பிறகு ஒரு நாள் மஞ்சளும் நீலமுமாக இரண்டு துண்டு, மாவு மாதிரி இருந்ததைக் கொண்டுவந்தான். இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகிறது, மறுநாளைக்குள் கல்லாகிவிடுகிறது. எங்கள் மண் சூளைக்குப் போய் வந்தால் சுருங்கும், வளையும், வெடிக்கும். இது நாம் வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கிறது. உடைந்துபோன ஒரு கோரப்பல்லைத்தான் முதலில் வைத்துக் கொடுத்தேன். அப்புறம் கை. அப்புறம் முழு ஆள்.

முப்பத்திரண்டு வருஷமும் யாரோ வெட்டிய அச்சில் வந்ததற்குத்தான் கண் எழுதினேன். உனக்கு என்ன செய்யத் தோன்றுகிறது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. எழுபது வயதில் எனக்குத் தோன்றியதைச் செய்தேன்.

"இது யாரும்மா, எங்கியோ பாத்த மாதிரி இருக்குது?"

"எங்க பெயிண்டிங் மேஸ்திரி."

"கொம்பு வச்சிருக்க?"

"அவருக்கு இருந்ததுதான். வெளிய தெரியாது."

இன்னொன்றைப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா மாதிரி இருக்குதே!" என்றான்.

"அப்பாதான். கொழம்புல உப்பு கம்மி."

விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, அவர் கோபத்தை நினைத்து நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். என் மாமியாரைச் செய்தேன். நாத்தனாரைச் செய்தேன். என்னையும் ஒன்று செய்யலாம் என்று பார்த்தேன், கோரப்பல் வைக்க மனசு வரவில்லை. அந்த ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. கோபத்தில் எழுதினாலும் அதை மறைக்கக் கூடாது.

அந்தப் பிளாஸ்டிக் ஆட்களைச் சேர்க்காமல் மொத்தம் நாற்பத்தாறு ஆள். செய்தது நான். உடம்புக்கு அடிவர்ணம் அவன் அடித்தான், காற்றில் பீய்ச்சுகிற சின்ன மெஷின் வைத்திருந்தான். முகமும் கண்ணும் நான். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அவர்கள் கூட்டத்துக்குப் போனில் அனுப்புவான். வருகிற பதிலை எனக்குப் படித்துக் காட்டுவான்.

"என்னா கை இதுன்னு கேக்கறாங்கம்மா. கண்ணுல உசுரு இருக்குதுங்கறாங்க."

யார் கை என்று சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் தோன்றவில்லை. பெற்ற பிள்ளையிடம் இதைப் போய் யாராவது கேட்பார்களா?

பெங்களூரில் போட்டி வந்தது. படைகளை மேஜையில் வைப்பார்கள், நன்றாகச் செய்த படைக்குப் பரிசு. நானும் வருகிறேன் என்றேன். "இடுப்பு வலிக்கும்மா" என்றான். "எனக்கு வலிச்சா நான் பாத்துக்கறேன்" என்றேன். சேலம் வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். பஸ்ஸில் வைத்துச் சொன்னான்: "அங்க எல்லாம் இங்கிலீஷ்ல பேசுவாங்க. நீ ஒன்னும் பேச வேணாம், உக்காந்து வேடிக்கை பாரு." என் நல்லதுக்குச் சொல்கிறான் என்று அதையும் நம்பினேன்.

பெரிய ஹால். மேஜை மேஜையாகப் படை. எங்கள் படைக்கு முன்னால்தான் கூட்டம் நின்றது. மேஸ்திரியைப் பார்த்து ஒருவன் பயந்த மாதிரி பின்னால் போய் நடித்துக் காட்டினான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. படைக்கு முன்னால் ஒரு அட்டை இருந்தது. பக்கத்தில் தமிழ் பேசுகிற ஒரு பெண் நின்றாள். கல்லூரி முடித்த வயது.

"இதுல என்னா எழுதியிருக்குதும்மா?"

"படையோட பேருங்க. கீழ, செஞ்சவரு, பெயிண்ட் பண்ணவரு. ரெண்டும் ஒரே ஆளு." அவன் பெயரைச் சொன்னாள்.

"வேற பேரு ஒன்னும் இல்லியா?"

"இல்லீங்களே."

அந்த நேரம் பரிசுக்குப் பார்க்கிறவர் வந்தார். மேஸ்திரியைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினார். அடியில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் இருந்தது. அது என் குறி. கம்பெனியில் கண் எழுதி முடித்ததும் அடியில் அதைப் போட வேண்டும், பொம்மை திரும்பி வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிவதற்கு. கடைசியாகக் கை வைப்பவள் நான். அதனால் பெயிண்ட் உரிந்தாலும், விரல் உடைந்தாலும், எவர் செய்த தப்புக்கும் என் குறியைப் பார்த்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். கை பழகிவிட்டது, இந்த நாற்பத்தாறுக்கும் போட்டிருந்தேன். அவர் அதைக் காட்டி என் மகனிடம் ஏதோ கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"என்னா சொல்றான்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"அது அவரு கையெழுத்தாம். எல்லாத்துக்கும் அடியில போடுவாராம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்க நேரம் இருந்தது. அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால்கூடப் போதும், அவள் எடுத்துச் சொல்லியிருப்பாள். அத்தனை பேர் நடுவில் என் பிள்ளை முகம் எப்படிப் போகும் என்று யோசித்தேன், அதற்குள் பரிசைச் சொல்லிவிட்டார்கள். அவனுக்குத்தான். மேடையில் மைக்கைப் பிடித்து என்னைக் காட்டி ஏதோ பேசினான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

"உங்களுக்குத்தாம்மா நன்றி சொல்றாரு" என்றாள் அந்தப் பெண். "அவரு பொம்மை செய்யறப்ப கூடவே உக்காந்து, பொறுமையா டீ போட்டுக் குடுத்தீங்களாம்."

எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன். அவன் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் கும்பிட்டேனே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சேலம் ஸ்டேஷனில் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"என் பேர ஏன்டா போடல?"

"ரூலும்மா. செஞ்சவங்கதான் போட்டியில நிக்கணும். உன் பேரப் போட்டா நான் நிக்க முடியாது."

"நான் நின்னிருக்கலாமே?"

"நீயா?" என்றான். "அங்கியா?" சிரித்துவிட்டான். வேண்டுமென்று சிரிக்கவில்லை, தானாக வந்த சிரிப்பு. அவனுக்கு அது தோன்றவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விருத்தாசலம் வரும் வரைக்கும் ரயில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மாசம் கழித்து வெள்ளிக்கிழமை வந்தான். முகம் சரியில்லை.

"அடுத்த வாரம் ஹால்ல எல்லார் முன்னாடியும் கண்ணு எழுதிக் காட்டணுமாம்மா. இருவது பேருக்கு மேல வர்றாங்க. எப்படின்னு சொல்லிக் குடு."

"நீ எழுதலன்னு அங்க சொல்லு. நானே வந்து எழுதிக் காட்டறேன்."

"ஐயோ, பரிசத் திருப்பிக் கேப்பாங்க. அப்புறம் அந்தப் பக்கம் நான் மூஞ்சி காட்ட முடியாது."

"உனக்கு மட்டுந்தான் மூஞ்சி இருக்குதா?"

"ஒரு பேருக்காம்மா இவ்ளோ?"

"ஒரு பேருதானே? சொல்லிட்டுப் போ."

சொல்கிறேன் என்று அவன் வாயில் வரவில்லை. சனிக்கிழமை முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து எழுதி எழுதிப் பார்த்தான். நான் அடுப்படியில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே தெரிந்தது, சுண்டு விரலை ஊன்றாமல் எழுதுகிறான். கைக்குச் சுலபமாக வருகிற கண்ணை முதலில் எழுதிவிட்டு, வராத கண்ணில் போய் மாட்டிக்கொள்கிறான். மாற்றி எழுதடா என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அரை நாள் கூட உட்கார்ந்தால் ஓரளவுக்குக் கை வந்துவிடும். நடக்கப் பழக்கினவள் நான். நடை வராமல் அவன் விழுந்தபோதெல்லாம் ஓடிப்போய்த் தூக்கினவளும் நான்தான். அன்றைக்கு எழுந்து போகவில்லை. காயை நறுக்கி முடித்தேன், பொரியல் செய்தேன், சாப்பிடக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான். "போயிட்டு வரேன்" என்று வாசலில் நின்று சொன்னான், தலையாட்டினேன்.

அடுத்த வாரம் பெரியவள், என் மகள், பதறிக்கொண்டு வந்தாள். "அம்மா, தம்பி கையில கட்டும்மா! காய் நறுக்கறப்ப கத்தி பட்டுடுச்சாம்." போனில் போட்டோ காட்டினாள். ஹாலில் மேஜைக்குப் பின்னால் நிற்கிறான், வலது கையில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறது, எதிரே ஆட்கள். கண் எழுதிக் காட்ட முடியாமல் போனதற்கு எல்லோரும் அவனுக்காக வருத்தப்பட்டார்களாம்.

போன் போட்டேன்.

"கை எப்படிடா இருக்குது?"

"பரவால்லம்மா."

"எந்த வெரலு?"

"மீட்டிங் இருக்குதும்மா, வச்சிடறேன்" என்றான்.

நாலு மாசம் ஆகிறது. தீபாவளிக்கும் வரவில்லை. அக்காவிடம் பேசுகிறான், என்னை விசாரிக்கிறானாம். "நீதான் எறங்கிப் போயேம்மா, புள்ளதானே" என்கிறாள் பெரியவள். பிள்ளைதான். வேறு எவனாவது செய்திருந்தால் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன், கம்பெனியில் மறக்கவில்லையா? சொல்லிக் கொடுக்காமல் விட்டது என் வீம்புதான், அது எனக்குத் தெரியும். வருத்தம் இருக்கிறது. இறங்கிப் போக மட்டும் கால் வரவில்லை. பரிசை அவனே வைத்துக்கொள்ளட்டும். எந்த ஹாலில் நின்று என்னை டீ போட்டவள் என்று சொன்னானோ, அதே ஹாலில் நின்று ஒரு தரம் மாற்றிச் சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வாயால் சொன்னால் போனை வைத்துவிடுகிறான். அதனால் எழுதினேன். பெரியவள் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து மாமனுக்கு அனுப்புகிறேன் என்றாள். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே பேனாவை எடுத்துவிட்டாள்.

"ஆயா, நெறைய தப்பு இருக்குது. நான் அழகா வேற தாள்ல எழுதித் தரட்டுமா?"

வேண்டாம். பேனாவைக் கீழே வை. தப்போடேயே போகட்டும், இது என் கை என்று அவனுக்குத் தெரியும். நீ ஒன்றும் சேர்க்காதே, ஒன்றும் விடாதே. இப்படி வெளிச்சத்துக்கு வந்து உட்கார். மொதல்லருந்து எனக்குப் படிச்சுக் காட்டு.