என் பேரில் நைனாவுக்கு ஒரு கார்டு

நைனா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவருடைய மூச்சிரைப்பு முற்றியது. திருவொற்றியூரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நின்றே வயதானவர் அவர். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

வழக்கம்போல் காப்பீட்டு கார்டை எடுத்துக்கொண்டு தொழிலாளர் மருந்தகத்துக்குப் போனோம். குமாஸ்தா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பெரியவரே, வேலை முடிஞ்சதோட இதுவும் முடிஞ்சுபோச்சு."

"மாசாமாசம் சம்பளத்துல புடிச்சாங்களே சார். உடம்பு நல்லா கீறப்போ வாங்கிக்கினு, படுத்தப்புறம் இல்லேன்னா எப்டி?"

"சட்டம் அப்படி" என்றார் அவர், நைனாவின் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலையில் இருந்தார். கல்மண்டபத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எங்க ஆஸ்பத்திரில பெத்தவங்களுக்குத்தான் பாப்பாங்க. மாமனாருக்குக் கெடையாதும்மா" என்று தலைகுனிந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. தாழ்வாரத்தில் பாய் விரித்தார்கள். நைனாவால் படுக்கவே முடியாது, படுத்தால் மூச்சு நின்றுவிடும். திரும்பக் கூட்டி வந்தேன். சுவரில் சாய்ந்தபடியே தூங்குவார். ராயபுரம் கோயிலில் மண்டியிட்டு, அவரைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளச் சொல்லி மாதாவிடம் கேட்டேன்.

அப்புறம் தனியாக அதே குமாஸ்தாவிடம் போய், "வேற வழியே கெடையாதா சார்?" என்று கேட்டு அழுதேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க வீட்ல பிள்ளை, பொண்ணு யாராவது ஃபேக்டரில இருக்காங்களா? கார்டு உள்ளவங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு."

யாரும் இல்லை. எண்ணூர் சாலையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். என் பேரில் கார்டு வந்தது. நைனா என் சம்பாத்தியத்தில் வாழ்பவர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"உன்ன நம்பிக்கினு கீறேன்னு நான் கையெழுத்துப் போடணுமா?" என்றவர், அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் தானே பேனாவைக் கேட்டு வாங்கிப் போட்டார்.

தொழிலாளர் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. பிராணவாயு வைத்ததும் மல்லாந்து படுத்துத் தூங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. வேலை போனால் கட்டிலும் போகும். மேஸ்திரி வாய்க்கு வந்தபடி பேசினாலும் பதில் பேச மாட்டேன், காய்ச்சலோடும் போவேன். வாசலில் வேலைநிறுத்தம் என்று பேச்செழுந்தால் நிற்காமல் உள்ளே போய்விடுவேன். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பையன். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள்.

அக்கா மூலம் நைனாவுக்குத் தெரிந்துவிட்டது. "சரின்னு சொல்லிடு கண்ணு. நான் இன்னா, இன்னும் எத்தினி நாளு?"

"நீ சும்மா இரு நைனா" என்றேன்.

மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வார்டுக்கும் வீட்டுக்குமாக நைனா இன்னும் சில மழைக்காலங்களைக் கடந்தார். கடைசியில் நான் வேலையில் இருந்தபோது போனார்.

அடக்கம் முடிந்த வாரமே வேலைக்குத் திரும்பினேன். மேஸ்திரி எதற்கோ திட்டினார். இனி நின்றுவிடலாமே என்று அப்போதுதான் தோன்றியது; நான் நின்றால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. அதுவரை வராத அழுகை அங்கேதான் வந்தது.